ஓவராயில்

மேலகரத்தில், குற்றாலம் செல்லும் சாலையின் வலப்புறத்தில், 'சாரல் சைக்கிள் ஸ்டூடியோ' என்ற தகரப் பலகை தொங்குகிறது. சைக்கிள் விற்கும் இடம் எப்படி ஸ்டூடியோ ஆகும் என்று கேட்பவர்களுக்கு அதன் உரிமையாளர் குமரகுரு வாயால் விடை சொல்வதில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து காட்டுவார். உள்ளே குளிர்சாதனம் ஓடும். சைக்கிள்கள் தரையில் நிற்பதில்லை; கொடியில் போட்ட சட்டைகளைப் போலச் சுவரில் தொங்கும். ஒவ்வொன்றின் மீதும் தனித்தனி விளக்கொளி விழும். காற்றடிக்கும் பம்புகூட ஒரு கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. பஞ்சர் ஒட்ட வருபவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது கடையின் விதி. அதனால் பஞ்சர் ஒட்ட இப்போது எவரும் வருவதில்லை.

அந்தத் தகரப் பலகையின் மறுபக்கத்தில் வேறொரு வாசகம் உண்டு. 'இங்கு வாடகை சைக்கிள் கிடைக்கும். பஞ்சர், கோட்டம், ஓவராயில்.' குமரகுருவின் தந்தை எழுதி வைத்தது. தகரம் நல்ல தகரம் என்பதால் மகன் அதைத் தூக்கி எறியாமல் திருப்பிப் போட்டு, புதுப்பெயரை எழுதிக்கொண்டார். ஆடிக்காற்று வீசும்போது பலகை ஒரு சுற்றுச் சுற்றும். ஸ்டூடியோ மறைந்து வாடகை சைக்கிள் வெளிப்படும். காற்றுக் காலம் தொடங்குமுன் அதைக் கம்பி வைத்துக் கட்டுவது குமரகுருவின் வழக்கம்.

'ஓவராயில்' என்ற சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஓர் இயந்திரத்தை முழுவதும் கழற்றிப் பார்த்துச் சீர்செய்து மீண்டும் பூட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஓவர்ஹால் என்று பெயர். அந்தச் சொல் நம் பக்கத்துச் சைக்கிள் கடைகளுக்குள் நுழைந்தபோது வாசலிலேயே சற்று வழுக்கி, ஓவராயில் ஆகிவிட்டது. பெயரிலேயே ஆயில் இருந்தமையால் செயலிலும் ஆயில் சேர்ந்தது. ஓவராயில் என்றால் எண்ணெயை ஓவராக விடுவது என்று தொழிலில் பிறந்தவர்களே நம்பினார்கள். குமரகுருவும் தொழிலில் பிறந்தவரே.

அவருக்கு வாழ்க்கையில் ஒரு மனக்குறை இருந்தது. கடை இருந்தது, வீடு இருந்தது, கடையின் பின்கட்டில் தையல் எந்திரம் வைத்து ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கும் மனைவி வள்ளித்தாய் இருந்தார். குறை, பிறர் அவரை அழைக்கும் முறையில் இருந்தது. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் அது மரியாதைச் சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பலசரக்குக் கடை முன்னால் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, நூறு கடுகு" என்று கேட்பதற்கும் அதே சொல்தான் பயன்படுகிறது. குமரகுருவின் செவிக்கு எப்போதும் அந்தக் கடுகே கேட்டது. குளிர்சாதனம் போட்டாயிற்று, கண்ணாடிக் கதவு வைத்தாயிற்று, 'ப்ரோ' என்று அழையுங்கள் என்று குறிப்பால் உணர்த்தியும் பார்த்தாயிற்று. உள்ளே வருகிறவர்கள் கண்ணாடியை, விளக்கை, சுவரில் தொங்கும் சைக்கிளை எல்லாம் வாய் பிளந்து பார்த்துவிட்டு, கடைசியில் திரும்பி, "எவ்வளவு அண்ணாச்சி?" என்றார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய ஒரே பொருள் ஒரு சட்டை. அது 'தென்காசி சாரல் ரைடர்ஸ்' என்னும் சங்கத்தின் அலமாரியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. அதன் முதுகில் கேப்டன் என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்தச் சட்டையை அணிபவரைச் சங்கத்தார் அனைவரும் கேப்டன் என்றே அழைக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகாலையில் தென்காசியிலிருந்து குற்றாலச் சாலையில் சைக்கிளில் செல்பவர்கள் பலர். இலஞ்சியிலிருந்து வரும் கொத்தனார் கரண்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவார். பூக்காரர் கூடையைக் கட்டிக்கொண்டு போவார். இவர்களெல்லாம் சைக்கிளில் போகிறவர்கள். சங்கத்தார் சைக்கிளிஸ்டுகள். வேறுபாடு என்னவென்றால், முன்னவர்களுக்குப் போய்ச்சேர ஓர் இடம் இருந்தது.

சங்கத்தின் தலைவர் முத்துராமலிங்கம், ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். பணிக்காலத்தில் விளக்கில்லாமல் வந்த சைக்கிள்களையும் இரண்டு பேரைச் சுமந்து வந்த சைக்கிள்களையும் மறித்து டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டவர். ஓய்வுக்காலத்தில் தம் டயருக்குக் காற்றடிக்க ஆள் தேடிக் குமரகுருவிடம் வந்து சேர்ந்தார். அடுத்தவர் பல் டாக்டர் பிரின்ஸ். தென்காசி வீட்டிலிருந்து சைக்கிளைக் காரின் முதுகில் கட்டிக் குற்றாலம் வரை கொண்டுபோய், அங்கே இறக்கி மிதித்துவிட்டு, மீண்டும் காரிலேயே ஏற்றிக்கொண்டு வருபவர். சைக்கிளின் எடையை ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவு குறைப்பதற்காக இருக்கைத் தண்டை மாற்றியவர். மூன்றாமவர் உமாராணி. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி நிலையம் நடத்துபவர். கைப்பிடியில் கைபேசியைப் பொருத்தி, எதிரில் வரும் சாலையை விட்டுவிட்டுத் தம் முகத்தையே பார்த்தபடி ஓட்டும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

ஞாயிறுதோறும் இவர்களும் இவர்களைப் போன்ற இன்னும் பலரும் திரண்டு ஐந்தருவி வரை சென்று, படம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பிரானூர் பார்டருக்குப் போய்ப் புரோட்டாவும் கோழியும் உண்பார்கள். வழியில் கரைத்த கொழுப்பு அங்கே காத்திருந்து இவர்களோடு திரும்பி வரும். எலுமிச்சம்பழத்தின் எடையைக் குறைத்த டாக்டர் பார்டரில் எத்தனை எலுமிச்சம்பழத்தின் எடையை ஏற்றிக்கொண்டார் என்பதை அவருடைய இருக்கைத் தண்டுதான் அறியும்.

இவர்கள் அனைவருக்கும் சைக்கிள் விற்றவர் குமரகுரு. மணி வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம், கேரியர் வேண்டாம், மட்கார்டு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்து, கழற்றக் கழற்ற விலையை உயர்த்தியவரும் அவரே. ஆகவே கேப்டன் சட்டைக்குத் தமக்கே முதல் உரிமை என்று எண்ணினார். டாக்டர் பிரின்ஸ் அப்படி எண்ணவில்லை.

"கடைக்காரர் கேப்டன் ஆனா, நாளைக்குப் பார்டர் புரோட்டா மாஸ்டர் செயலாளர் ஆவாரு" என்று டாக்டர் சொன்னது, சொன்ன அன்றே குமரகுருவின் காதுக்கு வந்து சேர்ந்தது.

தலைவர் முத்துராமலிங்கம் தீர்ப்பு வழங்கினார். ஆடி மாதத்தில் 'சாரல் சவாரி' என்ற பெயரில், குடும்பத்தார் சூழ, கொட்டு முழங்க, ஐந்தருவிக்குச் சென்று திரும்பும் ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. அதை யார் ஒழுங்காக நடத்திக் காட்டுகிறாரோ அவருக்கே சட்டை. முன்னால் செல்லும் பொறுப்பும் வண்டிகளைத் தயார் செய்யும் பொறுப்பும் குமரகுருவுக்குத் தரப்பட்டன. தவறினால் சட்டை டாக்டருக்கு.

அந்த நேரம் பார்த்துச் சாரல் தொடங்கிற்று. சாரல் தொடங்கியதும் சைக்கிள்கள் கத்தத் தொடங்கின. இந்தக் காலத்துச் சைக்கிள்களில் சக்கரத்தின் நடுவே ஓர் இரும்புத் தட்டும், அதைக் கவ்விப் பிடிக்க இரண்டு பிரேக் வில்லைகளும் உண்டு. நனைந்த தட்டை வில்லை கவ்வும்போது, பன்றிக்குட்டியின் வாலை மிதித்தாற்போல் ஓர் ஓசை எழும்.

"என் வீடியோவுல பாட்டே கேக்கல, அண்ணாச்சி" என்று உமாராணி முறையிட்டார். "பின்னாடி அருவி விழுது, முன்னாடி நான் சிரிக்கேன், நடுவுல பன்னி கத்துது. பாக்கவங்க என்ன நெனைப்பாங்க?"

தலைவர் இதை ஒழுங்குப் பிரச்சினையாகக் கண்டார். "சவாரி அன்னைக்கு ஒரு வண்டி வாயைத் தொறக்கக் கூடாதுவே. என் ஸ்டேஷன்ல அக்யூஸ்டே சத்தம் போட்டதில்ல. இது உம்ம பொறுப்பு, அண்ணாச்சி."

"நம்ம கையில விட்டுருங்க சார்" என்றார் குமரகுரு. என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்பவர் எங்கேயாவது கேப்டன் ஆனதுண்டா?

அன்று மதியம் அவர் கோயம்புத்தூரில் இருக்கும் சைக்கிள் கம்பெனியின் பொறியாளர் ஜெஸ்வினைக் கைபேசியில் அழைத்தார். ஜெஸ்வினுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஆகவே அங்கேயும் அவருக்குத் தப்ப வழியில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"டிஸ்க் பிரேக்கு சாரல்ல நனைஞ்சா கத்துது. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கம்பெனி என்ன சொல்லுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு."

"ரோட்டர்ல கண்டாமினேஷன் இருக்கும் அண்ணாச்சி. பேடும் கிளேஸ் ஆயிருக்கும். ஒண்ணும் யோசிக்காதீங்க. பிரேக்கை ஃபுல்லா ஓவர்ஹால் பண்ணிருங்க, சத்தம் நின்னுரும்."

முதல் இரண்டு வாக்கியங்களில் குமரகுருவுக்கு விளங்கிய சொல் 'அண்ணாச்சி' ஒன்றே. அது விளங்காமல் இருந்திருக்கலாம் என்றும் அவருக்குத் தோன்றியது. ஆனால் கடைசி வாக்கியத்தில், பிறந்தது முதல் பழகிய ஒரு சொல் வந்து காதில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"ஃபுல் ஓவராயில்."

"ஆமா, ஃபுல்லா."

"எல்லா வண்டிக்கும்."

"எல்லா வண்டிக்கும் அண்ணாச்சி. அரைகுறையா செஞ்சா திரும்பக் கத்தும்."

கைபேசியை வைத்த பிறகு ஒரு சிறு ஐயம் எழத்தான் செய்தது. பிரேக்குக்கு எண்ணெயா? சின்ன வயதில், சக்கரத்தின் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தியதற்காகத் தந்தையிடம் முதுகில் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது. ஆனால் அது ரப்பர்க் கட்டை பிடித்த காலம், இது டிஸ்க். தந்தை அறிந்தவை எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டினால் நாகரிகம் வந்துவிடும் என்பது, பலகையைத் திருப்பித் தொங்கவிட்ட நாள் முதல் குமரகுருவின் கொள்கை. மீண்டும் அழைத்து 'என்ன எண்ணெய்' என்று கேட்கலாம்தான். ஆனால் 'எனக்குத் தெரியும்' என்று இப்போதுதானே சொல்லியிருந்தார்.

கெட்டியான எண்ணெய் டாக்டரின் வெள்ளைக் காலணியில் வடியும். ஆகவே மெல்லிய எண்ணெயே தக்கது என்று முடிவு செய்து பின்கட்டுக்குப் போனார். வள்ளித்தாய் அப்போது உமாராணியின் சைக்கிள் காற்சட்டையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த காற்சட்டை அது.

"இந்தப் பஞ்சை எங்க வைக்க? பிள்ளைகளுக்குக் கட்டுத மாதிரியே இருக்கு" என்றவர், கணவரின் கை தையல் எந்திரத்து எண்ணெய் டப்பாவை நோக்கி நீள்வதைக் கண்டார். "அது எதுக்கு?"

"பிரேக்குக்கு."

"பிரேக்கு புடிக்கதுக்குத்தான இருக்கு? எண்ணெய் விட்டா எப்படிங்க புடிக்கும்?"

"ஏட்டி, இது டிஸ்க். கம்பெனியில இருந்து சொல்லுதான், ஃபுல் ஓவராயில்னு. நீ ஊசியில நூலைக் கோரு."

"நல்லது. கம்பெனிக்காரன் வந்து மருந்து போடுவானான்னும் கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வள்ளித்தாய் எந்திரத்தை மிதிக்கலானார்.

சவாரிக்கு முந்தின நாள், சங்கத்தின் சைக்கிள்கள் அனைத்தும் ஸ்டூடியோவில் வரிசையாகத் தலைகீழாக நிறுத்தப்பட்டன. குமரகுரு கையுறை அணிந்துகொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு வில்லைக்கும் எண்ணெய் விட்டார். அரைகுறையாகச் செய்யவில்லை. பெயரில் 'ஓவர்' என்று இருக்கிறதே; அதற்கு நியாயம் செய்தார். மாலையில் உறுப்பினர்கள் வந்ததும், அவர்கள் கண்முன்னே ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்துக் காட்டினார். கையால் சுற்றிய சக்கரம் எதற்கும் நிற்கும், நின்றது. ஓசையே எழவில்லை.

"பட்டு மாதிரி இருக்கு, அண்ணாச்சி" என்று டாக்டர் பிரின்ஸே சொல்லும்படி ஆயிற்று. சொல்லும்போது அவர் முகம், தம் பல்லைத் தாமே பிடுங்கியதுபோல் இருந்தது.

தலைவர் குமரகுருவின் தோளில் தட்டினார். "நாளைக்கு மட்டும் நல்லபடியா முடியட்டும்வே. சட்டை உமக்குத்தான்."

மறுநாள் சவாரி புறப்பட்டது. மலை மேகத்துக்குள் இருந்தது. சாரல் பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஊர்க்காவலர்கள் வழியை ஒதுக்கித் தந்தார்கள். வழக்கம்போலக் காரில் வந்த டாக்டர் குற்றாலத்தில் சேர்ந்துகொண்டார். அங்கிருந்து ஐந்தருவி வரை ஏற்றம். ஏற்றத்தில் இவர்களுடைய வேகத்துக்குப் பிரேக் என்ற ஒன்று தேவைப்பட்டதே இல்லை; நிற்க வேண்டுமானால் மிதிப்பதை நிறுத்தினால் போதும். பலர் மிதித்துக்கொண்டிருக்கும்போதே நின்றார்கள். ஆகவே மேலே போய்ச் சேரும்வரை குமரகுருவின் கைவண்ணத்தை எவரும் அறியவில்லை. அருவிக்கரையில் படம் எடுத்தார்கள். மிளகாய் பஜ்ஜி தின்றார்கள். உடல்நலம் பற்றித் தலைவர் உரையாற்றினார்.

பிறகு இறக்கம். ஐந்தருவியிலிருந்து படகுக் குழாம் வரை சாலை வளைந்து வளைந்து இறங்கும்; அதைத் தாண்டிய சமதரையில் வரவேற்பு வளைவும், குறுக்கே ஒரு ரிப்பனும், குடும்பத்தாரும், கொட்டுக்காரரும் காத்திருந்தார்கள்.

குமரகுரு முன்னால் சென்றார். முதல் வளைவு நெருங்கியதும் பிரேக்கைப் பிடித்தார். சத்தம் இல்லை. உள்ளம் குளிர்ந்தது. அடுத்த கணம், இல்லாமற்போனது சத்தம் மட்டும் அன்று என்பது புலப்பட்டது. இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிரேக் கம்பி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டதே தவிர, சைக்கிள் அதைப் பொருட்படுத்தவில்லை. பட்டு மாதிரி இறங்கிற்று.

பலகையின் மறுபக்கத்தில் 'ஓவராயில்' என்று தந்தை எழுதிய எழுத்தும், முதுகில் விழுந்த அந்த அடியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கூடவே பின்னால் வருகிறவர்களின் நினைவும் வந்தது. அவர்களில் ஒருவர் தவறாமல் எல்லோருக்கும் எண்ணெய் விட்டவர் அவரே. "பிரேக் இல்லை" என்று கத்தினால் எல்லோரும் எச்சரிக்கை ஆவார்கள். எப்படி எச்சரிக்கை ஆனாலும் பிடிக்கப்போவது ஒன்றுமில்லை. சட்டை மட்டும் போய்விடும். இப்படிக் கணக்கிட்டுப் பார்த்து, குமரகுரு கைப்பிடியின் மீது குனிந்துகொண்டு, "வழி, வழி" என்று மட்டும் கூவினார்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதே வளைவில் அதே பிரேக்கைப் பிடித்து அதே உண்மையைக் கண்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் என்ன கண்டார்கள் என்றால், தம் பிரேக் மட்டுமே போயிற்று என்று கண்டார்கள். முன்னால் அண்ணாச்சி குனிந்து பறக்கிறார். பக்கத்தில் டாக்டர் பறக்கிறார். இவர்களெல்லாம் வேண்டுமென்றே பறக்கும்போது நாம் மட்டும் பிரேக் இல்லை என்று அலறுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தார்கள். சைக்கிள் வாங்கிய நாள் முதல் அன்றுதான் அவர்கள் சைக்கிள் ஓட்டினார்கள்.

உடம்பெல்லாம் எண்ணெய் பூசியவர்கள் துண்டோடு அருவியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள்; பிரேக்கெல்லாம் எண்ணெய் பூசியவர்கள் அருவியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னவர்கள் ஓரத்துப் புல்லுக்குள் பாய்ந்தார்கள். தலைவர் முத்துராமலிங்கம், "நில்லு, ஏலே, நில்லுலே" என்று தம் சைக்கிளைப் பார்த்து அதட்டினார். அந்தக் குரலுக்குத் தென்காசித் தாலுகாவில் நில்லாத சைக்கிள் இல்லை. அவருடைய சைக்கிள் நிற்கவில்லை. உமாராணி தம் முகத்தையே பார்த்தபடி, அந்த முகம் "அம்மா" என்று அலறுவதையும் பார்த்துக்கொண்டு இறங்கினார்.

கடைசி வளைவில் முத்துசெல்வி என்பவர் பழக்கடை வைத்திருக்கிறார். ரம்புட்டானும் மங்குஸ்தானும் முன்வரிசை, பலா பின்வரிசை. டாக்டர் பிரின்ஸ் முன்வரிசையைக் கடந்து பின்வரிசையில் சென்று அமர்ந்தார். நல்ல வேளையாக அவர் மோதிய பலாப்பழம் நன்கு பழுத்திருந்தது.

"யோவ், கண்ணு தெரியலையா?" என்று முத்துசெல்வி எழுந்தார்.

"நாய் குறுக்க வந்துட்டு" என்றார் டாக்டர், சுளைகளுக்கு நடுவிலிருந்து.

"இங்கன ஏது நாயி? நானும் காலையில இருந்து இருக்கேன். எல்லாரும் அம்மா அப்பான்னு கத்திக்கிட்டு வாறிய. பிரேக்கு புடிக்கலன்னு சொல்லுங்களேன்."

டாக்டர் கைகளில் ஒட்டிய பலாப்பாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தேய்ச்சா போவாது டாக்டரே. எண்ணெய் போட்டாத்தான் போவும்" என்று முத்துசெல்வி, பலா அறுக்க வைத்திருந்த எண்ணெய் டப்பாவை நீட்டினார்.

மற்றவர்கள் சமதரையை அடைந்தபோது கொட்டு முழங்கிற்று. எப்போதும் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளாடி வரும் தம் கணவர்களும் மனைவிகளும் ஒரே கூட்டமாக, கண்கள் பிதுங்க, காற்றாகப் பாய்ந்து வருவதைக் கண்ட குடும்பத்தார் மெய்ம்மறந்து கைதட்டினார்கள். ரிப்பன் தலைவரின் கழுத்தில் மாலையாக விழுந்தது. ரிப்பனைத் தாண்டியும் எவரும் நிற்கவில்லை. கொட்டுக்காரர்களையும் கடந்து, கார் நிறுத்தும் திடலையும் கடந்து, சாலை தானாக ஏறத் தொடங்கும் இடத்தில்தான் ஒவ்வொரு சைக்கிளாக மூச்சடங்கி நின்றது. அந்த ஆர்வத்தைப் பார்வையாளர்கள் வெகுவாகப் பாராட்டினார்கள்.

உமாராணியின் வீடியோவில் அலறல் நீக்கப்பட்டுப் பாட்டு சேர்க்கப்பட்டது. அதை மாவட்டமே பார்த்தது. கோயம்புத்தூரிலிருந்து ஜெஸ்வினும் பார்த்துவிட்டு அழைத்தார். "என்ன ஸ்பீடு அண்ணாச்சி. ஓவர்ஹால் சுத்தமா செஞ்சிருக்கீங்க."

"எல்லாம் நீங்க சொன்னபடிதான்" என்றார் குமரகுரு. அதில் பொய் ஏதும் இல்லை.

அன்று முதல் குமரகுரு ஓர் அழைப்புக்காகக் காத்திருந்தார். சட்டைக்கான அழைப்பு அன்று, சண்டைக்கான அழைப்பு. சங்கம் திரண்டு வந்து கண்ணாடிக் கதவை உடைக்கும் என்று எதிர்பார்த்தார். திரண்டு எவரும் வரவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதலில் வந்தவர் தலைவர். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். "வே, அன்னைக்கு என் வண்டியில மட்டும் பிரேக்கு கொஞ்சம் லேசா இருந்த மாதிரி தெரிஞ்சுது. மத்தவங்க அந்த வேகத்துல வரும்போது நான் சொன்னா நல்லா இருக்காது. நமக்குள்ள இருக்கட்டும்."

"எனக்கு மட்டும்தான் புடிக்கல" என்றார் அடுத்து வந்த உமாராணி. "இன்ஸ்பெக்டர் சாருக்கு இந்த வயசுல என்ன தைரியம், பாத்தியளா?"

டாக்டர் பிரின்ஸ் கடைசியில் வந்தார். நாயைப் பற்றி விரிவாகச் சொன்னார். அதற்குள் அந்த நாய்க்கு நிறமும் வாலும் வந்திருந்தன. தலைவரும் அதைப் பார்த்ததாகச் சொன்னாராம். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "வந்தது வந்தாச்சு, பிரேக்கையும் ஒரு பார்வை பாத்துருங்க" என்றார்.

குமரகுரு ஒவ்வொருவர் முகத்தையும் கவலையோடு நோக்கி, "ஒங்களுக்கு மட்டுமா? ஆச்சரியமா இருக்கே" என்றார். பிறகு கைபேசியில் ஒலியைக் குறைத்து வைத்து, வேற்றுநாட்டார் ஒருவர் செய்து காட்டும் முறையைப் பார்த்துப் பார்த்து, எல்லாத் தட்டுகளையும் கழுவி, எல்லா வில்லைகளையும் மாற்றினார். எண்ணெய் டப்பா பின்கட்டுக்குத் திரும்பிற்று. வள்ளித்தாய் அதை ஆட்டிப் பார்த்தார்.

"காலியாயிட்டே. ஒரு ஆளுக்காவது பல்லு போச்சா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"பிறகு பல் டாக்டரு ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டு ஓட்டுனாரு?" என்று கேட்டுவிட்டு வள்ளித்தாய் தம் வேலையைப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் சட்டை உறை பிரிக்கப்பட்டது. இத்தகைய வேகத்தைச் சங்கத்துக்குக் கற்றுத் தந்தவர் என்று தலைவர் புகழ்ந்தார். தம் பிரேக் மட்டும் பழுது என்று நம்பிய அத்தனை பேரும், மற்றவர்களின் வீரத்துக்குத் தலைவணங்கிக் கைதட்டினார்கள். சட்டையைக் குமரகுரு அங்கேயே அணிந்துகொண்டார். வயிற்றருகே சற்று இறுக்கம், அதனால் என்ன? "கேப்டன்" என்றார் தலைவர். "கேப்டன்" என்றார் டாக்டர், பலாப்பாலின் கறை இன்னும் போகாத தம் கையால் அவர் கையைக் குலுக்கி.

கேப்டனாகிய முதல் ஞாயிறு. மீண்டும் ஐந்தருவி, மீண்டும் படம், மீண்டும் பஜ்ஜி. இறக்கத்தின் தொடக்கத்தில் எல்லோரும் குமரகுருவின் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள். அன்றைய வேகத்தில் இன்றும் அழைத்துச் செல்வதற்காகத்தானே அந்த முதுகில் அந்தச் சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. கீழே வளைந்து கிடந்த ஈரச் சாலையைக் குமரகுரு நோக்கினார். இப்போது பிரேக் இருந்தது. பிரேக் இல்லாதபோது இல்லாத அச்சம், பிரேக் வந்தபின் வந்து உட்கார்ந்துகொண்டது. பிடித்தால் மானம் போகும்; பிடிக்காவிட்டால் பலா இருக்கிறது.

புறப்பட்டார். முதல் வளைவு வருமுன்பே அவருடைய விரல்கள் அவரைக் கலந்துகொள்ளாமல் இறுகின. கிரீச் என்றது வண்டி. பன்றிக்குட்டிக்கு எண்ணெய் தீர்ந்திருந்தது. முடிந்தது கதை என்று குமரகுரு கண்ணை மூடித் திறந்தார். மறுகணம் பின்னாலிருந்து இன்னொரு கிரீச், அடுத்து இன்னொன்று, பிறகு எண்ண முடியாதபடி. யாராவது முதலில் பிடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள் போலும். கேப்டனே பிடித்த பிறகு மற்றவர்கள் பிடிப்பதில் இழுக்கு என்ன? சங்கம் முழுவதும் மலையிலிருந்து ஒரே குரலாகக் கத்திக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் இறங்கிற்று.

கடைசி வளைவில் முத்துசெல்வி தம் பழங்களை முன்னெச்சரிக்கையாகச் சாலையின் மறுபக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தார். ஊர்வலத்தைக் கண்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கேப்டன்" என்று பின்னாலிருந்து டாக்டர் பிரின்ஸ் அழைத்தார். "கேப்டன், கொஞ்சம் நில்லுங்க, கை வலிக்குது." இரண்டாம் முறையும் அழைத்தார். யாரையோ அழைக்கிறார் என்று குமரகுரு பிரேக்கைப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தார்.

"ஏ சைக்கிள் கட அண்ணாச்சி" என்றார் முத்துசெல்வி, அவ்வளவு உரக்கக்கூட இல்லை. "இன்னைக்குப் புடிக்குது போலுக்கே."

குமரகுருவின் தலை சட்டென்று திரும்பிற்று. "என்ன வேணும்?" என்று அவர் வாய் கேட்டுவிட்டது.